இருநூற்று நாற்பது டின்

ஒரு பெட்டிக்கு இருநூற்று நாற்பது டின் தேவைப்படும் என்று கணக்குப் போட்டவள் ஆர்டிஸ். ஊரோ அது அவள் புருஷன் லைல் போட்ட கணக்கு என்று நினைத்தது. லைலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் இப்படி விட்டுவிட்ட விஷயங்களையெல்லாம் அடுக்கி வைத்தால் அதற்கே தனியாக ஒரு கொட்டகை கட்ட வேண்டியிருக்கும்.

ஆரம்பம் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. ஏப்ரலில் பனி உருகியதும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய பால் கொட்டகையின் சுவரோரம் தார்ப்பாயின் மூலை ஒன்று காற்றில் தூக்கிக்கொண்டு ஆடியது. கல்லை வைத்து அழுத்தலாம் என்று போனவள் உள்ளே கறுப்புக் குப்பைப் பைகளைப் பார்த்தாள். ஒன்பது பை. ஒன்றைக் காலால் நெருடினாள். கலகலவென்று காலி டின் சத்தம். அவிழ்த்துப் பார்க்கவே தேவையில்லை, பீர் நெடி அதுவாகவே எழுந்து வந்து மூக்கில் ஏறியது.

லைல் குடிப்பான் என்பது அவளுக்குப் புதுச் சேதி அல்ல. மாடுகளை விற்ற வருடம் அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனான். பதினான்கு வருடமாக அதே மஞ்சள் பஸ், அதே பாதை. காலையில் ஒரு ஓட்டம், மதியத்துக்கு மேல் ஒரு ஓட்டம். நடுவில் பஸ் அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும். குளிர்காலத்தில் எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க வீட்டிலிருந்து ஒயர் இழுத்து அதற்குச் சூடு கொடுப்பார்கள். நாலரை மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு லைல் கொட்டகைக்குள் போய், கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்துக்கொண்டு உட்காருவான். ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது கண் கொஞ்சம் கலங்கியிருக்கும், பேச்சு கொஞ்சம் இனிப்பாக இருக்கும். 'ஓட்டம் முடிந்த பிறகுதானே' என்று ஆர்டிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்கினாள்.

ஆனால் ஒன்பது பை என்பது அவள் நினைத்திருந்ததைவிட ஐந்து பை அதிகம். அவற்றை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? டோர்விக் நானூறு பேர் உள்ள ஊர். பழைய டின்களை வாங்கிக்கொள்ளும் கிடங்கில் நிற்பவன் தேவாலயப் பாட்டுக் குழுவில் அவளுக்கு நேர் பின்னால் நின்று பாடுகிறவன். அவன் ஒன்றும் கேட்க மாட்டான். அதுதான் அவளுக்குப் பயம். டோர்விக்கில் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒருவர் வீடு பற்றி எரிந்தால்கூட, "உங்க பக்கம் இன்னிக்குக் கொஞ்சம் வெளிச்சமா இருக்கே" என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு மறுநாள் ஒரு கேக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அந்த வாரமே நூலகத்தில் அவள் கண்ணில் ஒரு துண்டுப் பிரசுரம் பட்டது. காலி டின்களை அடியில் ஓட்டை போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, குழாய் குழாயாக அடுக்கி, கறுப்புச் சாயம் பூசி, கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் வைத்துத் தெற்குச் சுவரில் மாட்ட வேண்டும். வெயில் அடித்தால் டின்னுக்குள் இருக்கும் காற்று சூடாகும். ஒரு சின்ன மின்விசிறி அந்தக் காற்றைச் சுவரில் போட்ட துளை வழியாக உள்ளே தள்ளும். விறகும் வேண்டாம், கேஸும் வேண்டாம். பதினைந்து குழாய், குழாய்க்குப் பதினாறு டின். அவள் நூலகத்தில் நின்றபடியே பெருக்கிப் பார்த்தாள். உடம்பு லேசாகிப் போனது.

அன்று சாப்பிடும்போது பிரசுரத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உன் கொட்டகைக்கு ஒண்ணு பண்ணிப் பாரேன். உன் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

லைல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஒரு நொடிக்கு அவன் முகத்தில் ஏதோ வந்து போனது. தார்ப்பாயின் மேல் புதிதாக ஒரு கல் இருந்ததை அவனும் பார்த்திருப்பான்.

"இத்தனை டின்னுக்கு எங்க போறது, கெழவி?"

"கோயில்ல சொன்னா குடுப்பாங்க. நாமளும் நம்மளால ஆனதைப் போடுவோம்."

"நாமளும் போடுவோம்," என்றான் லைல், தலையைக் குனிந்து உருளைக்கிழங்கை மசித்தபடி. அதோடு சரி. தார்ப்பாயைப் பற்றி இருவரும் பேசியது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பி குடிக்கும்போது ஆர்டிஸ் விஷயத்தைச் சொன்னாள். முதலில் சந்தோஷப்பட்டவள் லவான். எதிர்ப் பண்ணைக்காரி, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சிநேகிதி. மகள் நகரத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதால் பேத்தி பிரிட்டாவை வைத்து வளர்ப்பவள்.

"லைலுக்கு மூளைடி. எங்க வீட்டுல நாங்க கோலாவா குடிச்சுத் தள்றோம், நான் கொண்டாறேன்," என்றாள்.

கொண்டுவந்தார்கள். ஊரே கொண்டுவந்தது. கழுவி, மூடியிலுள்ள வளையத்தைத் திருகிப் பிடுங்கி, பையில் கட்டி, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். கீழ்த்தளத்தில் லைல் பெயர் எழுதிய பீப்பாயே ஒன்று வைத்தார்கள். ஆர்டிஸ் அந்தப் பைகளையெல்லாம் கொட்டகையில் லைலின் பைகளோடு சேர்த்துக் கொட்டினாள். கோலா, ஆரஞ்சு, இஞ்சி சோடா, பீர், பீர், பீர். கொட்டிக் கிளறிவிட்டதும் எது யாருடையது என்று யாரும் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி கிடைத்ததில்லை.

லைல் வேலையில் இறங்கியபோது மாடு வைத்திருந்த காலத்து லைலாகவே இருந்தான். இரண்டு பலகையைச் சாய்த்து அறைந்து ஒரு வாய்க்கால் மாதிரிச் செய்து, அதில் டின்களைப் படுக்கவைத்து, சூடு தாங்கும் சிலிக்கான் பசையால் ஒவ்வொன்றாக ஒட்டினான். குழாய் ஊசிபோல நேராக வந்தது. டின்னின் அடியில் டிரில் போடும்போது எழும் கிறீச்சில் ஆர்டிஸுக்குப் பல் கூசும். யாரோ கழற்றிப் போட்ட கண்ணாடிக் கதவிலிருந்து கண்ணாடியைப் பிடித்தான். பெட்டியின் முதுகுக்கு வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை. சூடு ஏறினால் விசிறியைத் தானே போட்டு, ஆறினால் தானே அணைக்கும் காசளவு சுவிட்ச் ஒன்று.

"நசுங்குனதையெல்லாம் கழிச்சா இன்னும் முப்பது குறையுது. அறிவியலுக்காகக் குடிக்க வேண்டியிருக்கு, என்ன செய்ய?" என்று ஒருநாள் சொன்னான். ஆர்டிஸ் சிரித்தாள். சிரித்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு எரிகிறது.

அக்டோபரில் பெட்டி சுவரில் ஏறியது. ஆராதனை முடிந்து பத்துப் பன்னிரண்டு பேர் பார்க்க வந்தார்கள். பாஸ்டரும் வந்திருந்தார். லைல் துளையின் முன்னால் தொங்கிய மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தூக்கிக் காட்டினான்.

"இது இல்லேன்னா வெயில் போனதும் எல்லாம் தலைகீழா ஓடும், பாஸ்டர். பகல்ல குடுத்த சூட்டையெல்லாம் இந்தப் பெட்டியே உறிஞ்சி வெளிய விட்டுடும்."

"நல்லதுதான், நல்லதுதான்," என்றார் பாஸ்டர்.

வெயில் நன்றாக ஏறியது. சுவிட்ச் டக்கென்று தட்டியது. விசிறி சுழன்றது. எல்லோரும் கையுறையைக் கழற்றித் துளைக்கு நேராகக் கையை நீட்டினார்கள். சூடான காற்று வந்தது. அதோடு சேர்ந்து வந்தது புளித்த பீர் நாற்றம். கழுவாத டின்களின் அடியில் காய்ந்து கிடந்த அத்தனை சொட்டும் வெந்து, ஆவியாகி, பாஸ்டரின் முகத்தில் போய் அடித்தது. லைல் தன் டின்களைக் கழுவவே இல்லை.

யாரும் கையை எடுக்கவில்லை. ஆர்டிஸுக்குக் காது வரைக்கும் சுட்டது.

"ரொட்டி மாவு பொங்குற வாசனை மாதிரி இல்ல?" என்றாள் லவான்.

"ஆமா, பேக்கரி வாசனை," என்றாள் இன்னொருத்தி.

"பசி எடுக்குது," என்றார் பாஸ்டர். எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் காப்பி குடிக்க வந்தார்கள். அன்று அவர்கள்மேல் அவளுக்கு அத்தனை அன்பு பொங்கியது. எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்தாள்.

வெயிலில் ஓடும் ஹீட்டர் வெயில் இருக்கும்போது மட்டும்தான் ஓடும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். பிரசுரத்தில்கூடப் போட்டிருந்தது. ஆனால் டிசம்பரில் அந்தக் கொட்டகை காலை பத்து மணி முதல் மதியம் இரண்டரை வரைக்கும்தான் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஆர்டிஸ் யோசிக்கவில்லை. வெயில் சும்மா கிடைக்கும்போது கேஸ் எதற்கு என்று லைல் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நாலரை மணிக்கு அவன் வண்டியை நிறுத்தும்போது இருட்டிவிடும். கொட்டகை ஐஸ் பெட்டியாக இருக்கும். எனவே நேராக வீட்டுக்குள் வந்துவிடுவான். முதல் வாரம் அவளுக்கு அது வரமாகத் தெரிந்தது. பார், குடியை விட்டுவிட்டான் என்று நினைத்தாள்.

அவன் விட்டது நேரத்தை மட்டும்தான். மதியத்தில், இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில், முற்றத்தில் பஸ் ஒயரில் மாட்டிக்கொண்டு நிற்க, லைல் தன் சொந்தக் கையால் செய்த சூட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முன்பெல்லாம் பகலிலும் கேஸை எரித்துக் காசைக் கரைக்க மனம் வராமல், அந்த நேரத்தில் அவன் சமையலறையில் இவளோடு உட்கார்ந்து ரேடியோவில் சோள விலை கேட்பான். அவனைக் குளிர்தான் பதினான்கு வருடமாக நிறுத்தி வைத்திருந்தது, கடவுளோ வைராக்கியமோ அல்ல. அந்தக் குளிரை அவள் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து விரட்டியிருக்கிறாள்.

வண்டியில் புதினா சூயிங் கம் பொட்டலங்கள் பெருகின. கொட்டகையில் பைகளும் பெருகின. கேட்டால் இரண்டாவது பெட்டிக்கு என்றான். ஆர்டிஸ் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட எடுத்து, பாதி நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டாள். என்ன சொல்வாள்? வேலை போகும். ஊர் முழுக்கத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பாட்டுப் பயிற்சி முடிந்து லவானின் காரில் வரும்போது எப்படியோ வாயைத் திறந்தாள்.

"லைல் மத்தியானமெல்லாம் கொட்டகையிலேயே கெடக்கான்டி. எனக்கு என்னமோ மனசு சரியில்ல."

லவான் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்த வருஷம் பனி லேட்டுதான், இல்ல?" என்றாள். கொஞ்சம் தூரம் போனதும், "ஆம்பளைங்களுக்கு ஒதுங்க ஒரு எடம் வேணும்டி. விடு," என்றாள்.

மறுநாள் காலை ஆர்டிஸின் வாசற்படியில் ஒரு பை இருந்தது. கழுவிய கோலா டின்கள், எண்பதுக்குக் குறையாது. 'ரெண்டாவது பெட்டிக்கு' என்று ஒரு சீட்டு, பக்கத்தில் சிரித்த முகம் ஒன்று வரைந்து.

பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. ஆனால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஹீட்டருக்கு அதைவிட நல்ல நாள் அமையாது. இரண்டு மணிக்குப் பிறகும் லைல் சாப்பிட வரவில்லை என்று ஆர்டிஸ் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் வந்து மோதியது. லைல் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். காலடியில் ஏழு டின்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்திருக்கலாம். போன் பண்ணி, அவனுக்குக் காய்ச்சல், இன்று வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய்யைச் சொல்லாமலே சொன்னவள், அந்த ஒரு பொய்யை வாய் திறந்து சொல்லியிருந்தால் போதும். ஆனால் மணி இரண்டு இருபது. பதினான்கு வருடத்தில் லைல் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. பிள்ளைகள் வெளியே குளிரில் நிற்கும். தாமதமானால் ஏன் என்று எல்லோரும் யோசிப்பார்கள். கேட்க மாட்டார்கள், யோசிப்பார்கள். அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். கறுப்புக் காப்பியை ஊட்டாத குறையாகக் குடிக்கவைத்தாள். இரண்டு கம்மை உரித்துக் கையில் கொடுத்தாள். தொப்பியைத் தலையில் வைத்து, பஸ்ஸின் ஒயரை அவளே பிடுங்கிவிட்டாள்.

"ஓட்டிடுவியா?"

"என்ன கேள்வி இது?" என்றான் லைல், எரிச்சலாக. அது கேட்கக்கூடாத கேள்வி என்பதுபோல அவளே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சதுப்பு நிலத்தைச் சுற்றித் திரும்பும் வளைவில், காய்ந்த சாலையில், நல்ல வெளிச்சத்தில், பஸ் நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. உள்ளே பதினொரு பிள்ளைகள். பத்துப் பேருக்குச் சிராய்ப்பு. பதினொன்றாவது பிரிட்டா, ஒன்பது வயது. ஜன்னல் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே அவள் இடது கை மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நான்கு விரலை எடுத்துவிட்டார்கள். அவள் இடதுகைக்காரி.

ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர்கள் லைலை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு, வழக்கு வரும்வரை வீட்டில் இரு என்று அனுப்பினார்கள். அவன் அழுதான். சாப்பிடாமல் கிடந்தான். மூன்றாம் நாள் வெயில் நன்றாக அடித்தது. எழுந்து கொட்டகைக்குப் போனான்.

ஊர் கல்லெறியவில்லை. ஊர் சாப்பாடு கொண்டுவந்தது. சாவு வீட்டுக்கு வருவதுபோல ஒவ்வொருவராக, மூடிய பாத்திரத்தோடு வந்து, நிற்காமல் போனார்கள். பத்தாம் நாள் லவான் வந்தாள். உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் சேர்த்து வேகவைத்த பெரிய ட்ரே. அடியில் வழக்கம்போல வெள்ளை டேப்பில் அவள் பெயர். அதை அடுப்பின்மேல் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"குளிர் கொஞ்சம் விட்டிருக்கு," என்றாள்.

ஆர்டிஸ் காப்பியை ஊற்றினாள்.

"பிரிட்டா எப்படியிருக்கா?"

"நல்லாயிருக்கா. வலது கையால எழுதிப் பழகுறா." லவான் சன்னலைப் பார்த்தாள். "அடுத்த வாரம் மறுபடி பனின்னு சொல்றான் ரேடியோவுல."

"லவான்." ஆர்டிஸ் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உனக்குத் தெரியுமா? முன்னாடியே?"

"என்னடி தெரியணும்?"

"என்னன்னு உனக்குத் தெரியும். சொல்லு."

லவான் கரண்டியை எடுத்துச் சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கினாள்.

"எல்லாருக்கும்தான் தெரியும்," என்றாள் கடைசியில். "நீ கோயில்ல வந்து டின் வேணும்னு கேட்டியே, அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. பாவம், எப்படித் தவிக்கிறா பாரு, நம்ம டின்னும் சேர்ந்தா அவளுக்கு மானம் போகாதுன்னு பேசிக்கிட்டோம். அதனாலதான் கொண்டாந்தோம். எங்க வீட்டுல யாருடி அத்தனை கோலா குடிக்கிறா? வாங்கி வாங்கித் தொட்டியில ஊத்தினேன்."

ஆர்டிஸுக்கு முதலில் வந்தது அவமானம். அதன் பின்னாலேயே கோபம் வந்தது, வாழ்நாளில் வராத கோபம்.

"தெரிஞ்சே உன் பேத்தியை அந்த பஸ்ல ஏத்துனியா? தினமும் காலையில நின்னு கையாட்டி ஏத்துனியா?"

"அவன் மத்தியானம் குடிக்கிறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கார்ல சொன்னேன்!"

"நீ எங்க சொன்ன?" லவானின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "மனசு சரியில்லன்னு சொன்ன. குடிக்கிறான்னு சொன்னியா? புள்ளைங்களை ஏத்தாதேன்னு சொன்னியா? நீதான்டி அவனுக்குச் சாப்பாடு போட்டு, தொப்பி மாட்டி அனுப்புன. என்னை எதுக்குக் கேக்குற?"

தொப்பி என்றதும் ஆர்டிஸ் திடுக்கிட்டாள். லவானுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, பேச்சுவாக்கில்தான் சொல்லியிருப்பாள். லவான் எழுந்து கையுறையை மாட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய குரலுக்கு வந்துவிட்டாள்.

"ட்ரேக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கார் போனபிறகும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விசிறி. வெயில் ஏறிவிட்டது. ஆர்டிஸ் கோட்டுகூடப் போடாமல் கொட்டகைக்கு நடந்தாள். சுவரில் பெட்டி மினுமினுத்தது. கறுப்பு டின்கள் வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல். ஊர் இரக்கப்பட்டுத் தொட்டியில் ஊற்றியதும் இவள் புருஷன் வயிற்றில் ஊற்றியதும் ஒரே பூச்சுக்குள் ஒன்றாகிக் கிடந்தன. உள்ளேயிருந்து டிரில்லின் கிறீச் கேட்டது. லைல் இரண்டாவது பெட்டிக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

விறகுக் குவியல் பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்துக் கண்ணாடியை ஓங்கி அடித்தாள். அது கதவுக்குச் செய்த கெட்டிக் கண்ணாடி. சுத்தியல் துள்ளித் திரும்பி அவள் முழங்காலில் பட்டது. இன்னொரு அடி. கீறல்கூட விழவில்லை. நன்றாகச் செய்திருக்கிறான், பாவி. நொண்டியபடி வீட்டுக்குப் போய்க் கட்டிலில் இருந்த கனத்த கம்பளியை இழுத்துவந்து, பெட்டியின்மேல் போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்தாள். ஐந்து நிமிடத்தில் டக்கென்று சுவிட்ச் தட்டியது. விசிறி நின்றது.

லைல் கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தான்.

"மேகம் வந்துடுச்சா?"

"இல்ல. நான்தான்."

அவன் கம்பளியைப் பார்த்தான், சுத்தியலைப் பார்த்தான். மீசை ஓரத்தில் அலுமினியத் தூள் ஒட்டியிருந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று அவள் ரொம்ப நேரம் நின்றாள். அவன் உள்ளே போய்க் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்துவிட்டான்.

டோர்விக்கில் ட்ரேயை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஆர்டிஸ் எலுமிச்சை கேக் செய்து, சதுரம் சதுரமாக வெட்டி, லவானின் ட்ரேயில் அடுக்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப் பண்ணைக்கு நடந்தாள். லவானிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று அவள் நினைத்திருந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது அவள் எண்ணம்.

கதவைத் திறந்தவள் பிரிட்டா. இடது கை கட்டுக்குள் உருண்டையாக இருந்தது.

"பாட்டி மாடியில இருக்காங்க. குடுங்க," என்று அந்தப் பிள்ளை பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் நீட்டியது. ட்ரேயின் ஒரு பக்கத்தை வலது கை பிடித்தது. மறு பக்கம் கட்டின்மேல் பட்டுச் சரிந்தது. ஆர்டிஸ் சட்டென்று தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு துண்டு கீழே விழுந்தது.

"ஸாரி," என்றாள் பிரிட்டா. "ஸாரி, என்னால இதைப் புடிக்க முடியல."

ஒன்பது வயதில் இந்த ஊர் அவளுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டது.

"நீ ஸாரி சொல்லாதே. நீ சொல்லக்கூடாது. பிரிட்டா, இங்க பாரு. அன்னிக்கு மத்தியானம் லைல் குடிச்சிட்டுத் தூங்கிட்டிருந்தான். நான்தான் அவனை எழுப்பி அனுப்பினேன்."

பிரிட்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிச்சிருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எழுப்புனீங்க?"

ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி. இத்தனை நாளும் இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததாகத்தான் ஆர்டிஸ் நினைத்திருந்தாள். கேட்டபிறகு தேடிப் பார்த்தால் அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"லேட்டாயிடுமேன்னு."

இந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் 'பரவாயில்லை' என்று சொல்லியிருப்பார்கள். பிரிட்டா சொல்லவில்லை. ட்ரேயையும் ஆர்டிஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாடியிலிருந்து லவானின் குரல் வந்தது.

"யாரு பிரிட்டா வாசல்ல? கதவைச் சாத்து, சூடெல்லாம் வெளிய போகுது."

"யாருமில்ல பாட்டி," என்றாள் பிரிட்டா. கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.